சஹனில் கரண்டி வைக்கலாமா?

கீழக்கரையான்

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றவர்களுக்கு வணக்கம்.

அடுத்த மாதம் தம்பிக்கு நிக்காஹ். இருநூறு சஹன் சாப்பாடு. சஹன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறு, சுற்றி நான்கு பேர். ஆணம், அதாவது குழம்பு, நடுவில் ஊற்றப்படும். அவரவர் பக்கத்தில் இருப்பதை அவரவர் எடுத்து உண்ண வேண்டும். கப்பல் முதலாளியும் அவர் வீட்டுக்கு மீன் கொண்டு வருபவரும் ஒரே தட்டில் கை வைப்பார்கள். அதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

துபாயிலிருந்து ராத்தா (அக்கா) மகன் வந்திருக்கிறான். "ஆளுக்கொரு ஸ்பூன் வைத்துவிடுங்கள் மாமா, பார்க்கவும் நன்றாக இருக்கும், பிறர் கை பட்டதை உண்ண வேண்டியதும் இல்லை" என்கிறான். மொத்தம் எண்ணூறு ஸ்பூன். வாடகைப் பாத்திரக் கடைக்காரர் தயார். பெரியவாப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நான் மௌத்தான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் சாமான் சஹனுக்கு எதற்கு?"

இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கே ஒரு சந்தேகம். உம்மாவின் அடுப்படிச் சுவரில் ஏழெட்டுக் கரண்டிகள் வரிசையாகத் தொங்கும். வெள்ளைக்காரன் வந்தா அவற்றை மாட்டிவிட்டுப் போனான்?

ஷார்ஜாவில் ஒரு பெரியபட்டினத்தான்

உங்கள் மருமகன் சொல்வதில் தவறு என்ன? கை கழுவும் இடத்தில் கூட்டம் என்று விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டு வந்து உட்காருகிறவர்களை நான் எல்லா விருந்திலும் பார்க்கிறேன். விரலில் காயத்தோடு உட்காருகிறவரும் உண்டு. இங்கே எங்கள் அறையில் ஐந்து நாட்டுக்காரர்கள் இருக்கிறோம். ஐந்து பேரும் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறோம். யாருடைய மானமும் போகவில்லை.

ஏர்வாடி வாத்தியார்

கீழக்கரையாருக்கு: பெரியவாப்பாவின் முடிவு சரியாக இருக்கலாம், ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு. கரண்டி வெள்ளைக்காரனுடையது அல்ல.

தமிழில் இந்தப் பொருளுக்கு இருக்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். அகப்பை, சட்டுவம், துடுப்பு, மூழை, கரண்டி. மூழை என்ற சொல்லை இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நாலடியாரில் இருக்கிறது. நல்ல சொல்லின் அருமை தெரியாத பேதையை, பால்கூழுக்குள்ளேயே கிடந்தும் அதன் சுவை அறியாத மூழையோடு ஒப்பிடுகிறது ஒரு பாட்டு. சிவவாக்கியர் சட்டுவத்தைப் பிடித்துக்கொண்டார். கறியின் சுவை சட்டிக்கும் சட்டுவத்துக்கும் தெரியுமா என்பது அவர் கேள்வி. இருவரும் வேறு வேறு காலம், வேறு வேறு சமயம். கரண்டிக்கு நாக்கு இல்லை என்பதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்து 'ஸ்பூன்' என்ற சொல்லின் பழைய பொருள் மரச் சிராய், சில்லு. லத்தீன்காரர்கள் சிறு கரண்டியைக் 'கொக்லியாரே' என்றார்கள். 'கொக்லியா' என்றால் நத்தை ஓடு. அதன் காம்பு நுனி கூராக இருக்கும், ஓட்டுக்குள் இருக்கும் சதையைக் குத்தி எடுப்பதற்கு. ஆக, அங்கேயும் கரண்டியின் பூர்வீகம் மரமும் ஓடும்தான். நம் கரையில் இரண்டுக்கும் பஞ்சமே இருந்ததில்லை.

சேதுக்கரை ஆன்மிகன்

ஐயா, அகப்பை என்றதும் நினைவுக்கு வந்தது. 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பது உண்மையில் 'சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் குழந்தை வரும்' என்பதாம். எத்தனை ஆழமான பொருள்!

ஏர்வாடி வாத்தியார்

ஆழம் எல்லாம் இல்லை. வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு இரண்டு முறை வலம் வரும் கதை இது. சட்டி என்றால் சட்டி, அகப்பை என்றால் அகப்பை. பழமொழி சொன்ன கிழவிக்குப் பசி தெரியும். வெறும் சட்டியைத் துழாவிப் பார்த்தவளிடம் போய் விரத மகிமை சொல்லாதீர்கள். 'அகப்பை பிடித்தவன் தன்னவன் ஆனால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன' என்று இன்னொன்று உண்டே, அதற்கு எந்த விரதத்தைச் சொல்வீர்கள்?

பாம்பன் பாய்மரம்

வாத்தியார் ஐயா துடுப்பு என்றதைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்களுக்குத் துடுப்பு என்றால் வள்ளம் தள்ளுவது. சின்ன வயதில் கீழக்கரையில் ஒரு வீட்டுக் கொல்லையில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டுவதைப் பார்த்தேன். ஆள் உயரக் கட்டையைப் பிடித்து இரண்டு பேர் மாறி மாறிக் கிண்டினார்கள். அதன் பெயரும் துடுப்பு என்றார்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் இறுகிச் சட்டியைப் பற்றிக்கொள்ளும் நேரத்தில் அதைத் தள்ளுவதற்கும், எதிர்நீரோட்டத்தில் வள்ளம் தள்ளுவதற்கும் தோள் ஒரே மாதிரிதான் வலிக்கும். பெயர் வைத்தவன் இரண்டையும் செய்து பார்த்தவனாக இருக்க வேண்டும்.

கரண்டியால் சாப்பிடுவது பற்றி ஒரு கேள்வி. காரல் மீன் சாப்பிட்டிருக்கிறீர்களா, ஷார்ஜா தம்பி? விரல் அளவு மீன், அதற்குள் முடி போல முள். ஸ்பூனில் அள்ளி வாயில் போட்டால் அடுத்த நிமிடம் வெறும் சோற்றை உருட்டி விழுங்க வேண்டியதுதான். விரல்தான் முள்ளைக் கண்டுபிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத முள்ளைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிசைகிறபோதே பிடித்துவிடும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அம்மா மீன் பிசைந்து கொடுப்பது பாசத்தால் மட்டும் இல்லை.

ஷார்ஜாவில் ஒரு பெரியபட்டினத்தான்

அண்ணன், சஹனில் காரல் போடுவதில்லை. நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும்தான். பேச்சைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பாம்பன் பாய்மரம்

கடற்கரையில் எந்தப் பேச்சும் கடலுக்குத்தான் போகும், தம்பி.

தொண்டி மருமகள்

ஆண்கள் எல்லோரும் உண்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். சமைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

மாமியார் வீட்டில் மீன் ஆணத்துக்கு என்று தனியாக ஒரு சிரட்டை அகப்பை இருந்தது. வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் அதை விட்டுவிட்டு எவர்சில்வர் கரண்டியை மண்சட்டியில் விட்டேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு அகப்பையைக் கொடுத்தார், அவ்வளவுதான். காரணம் எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. இரும்பும் எவர்சில்வரும் மண்சட்டியின் அடியைச் சுரண்டிவிடும். சிரட்டை சுரண்டாது. வெண்கலமும் பித்தளையும் புளியில் பட்டால் களிம்பு ஏறும். அதனால்தான் அந்தக் காலத்தில் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். சிரட்டைக்குப் புளியும் ஒன்றுதான், பாலும் ஒன்றுதான். காம்பு மரம் என்பதால் அடுப்பின் மேலேயே கிடந்தாலும் கை சுடாது.

அதோடு, நல்ல சமையற்காரி மீன் போட்ட பிறகு கரண்டியே விடமாட்டாள். சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று. மீன் உடையாது, குழம்பு கலந்துவிடும்.

உம்மாவின் சுவரில் ஏழெட்டு என்று சொன்னீர்களே, கீழக்கரைக் காக்கா, என் கணக்கு இது: சோற்றுக்கு அன்னவெட்டி, ஆணத்துக்குக் குழிக்கரண்டி, பொரித்ததை எடுக்கக் கண்கரண்டி, தோசைத் திருப்பி, எண்ணெய்க்கு நீளக்காம்புச் சிறுகரண்டி, தாளிக்க இரும்புக் கரண்டி. இதில் ஒன்றுகூட வாய்க்குள் போவதில்லை. எல்லாம் சட்டியிலிருந்து தட்டு வரைக்கும்தான்.

கீழக்கரையான்

தொண்டி ராத்தா சொன்ன கடைசி இரண்டு வரியைப் பெரியவாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டினார். ஆனால் மருமகன் விடவில்லை: "அப்படியானால் குழந்தைக்கு மருந்து எதில் கொடுத்தீர்கள்? கையிலா?"

இராமநாதபுரம் செவிலி

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். சங்கில்.

உள்ளங்கையில் அடங்கும் சிறிய சங்கு. ஒரு பக்கம் திறந்து, கிண்ணம் போல வழவழவென்று தேய்த்திருப்பார்கள். சங்கின் நுனியில் இயற்கையாகவே ஒரு வாய்க்கால் இருக்கிறது அல்லவா, அது பால் வழியும் மூக்காகிவிடும். வெள்ளியிலும் பித்தளையிலும் எவர்சில்வரிலும் இதே வடிவத்தில் செய்ததுதான் பாலாடை. சில இடங்களில் அதையும் சங்கு என்றே சொல்கிறார்கள். உலோகமாக மாறியும் பெயர் மட்டும் கடலைவிட்டு வரவில்லை.

பழைய பொருள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். குறைமாதத்தில் பிறந்து உறிஞ்சத் தெரியாத குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைப் பிழிந்து பாலாடையில்தான் இன்றும் கொடுக்கிறோம். பாட்டிலைவிடக் கழுவுவது எளிது, மூலை முடுக்கு இல்லை. ஆனால் கொடுக்கும் முறை முக்கியம். குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கை அதன் வாயோரத்தில் வைத்து, சிறிது சிறிதாக. ஒரு மடக்கு விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, குழந்தையின் மூக்கைப் பிடித்து, சங்கைக் கவிழ்ப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பால் நுரையீரலுக்குப் போய்விடும். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். பிறந்ததும் நாக்கில் சேனை என்று இனிப்பு வைப்பதையும் நாங்கள் வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறோம். பாட்டிமார் கோபித்துக்கொள்கிறார்கள், கொள்ளட்டும்.

மருந்து பற்றியும் ஒன்று. சீட்டில் 'ஒரு தேக்கரண்டி' என்றால் 5 மில்லி. மேசைக்கரண்டி என்றால் 15. வீட்டில் இருக்கும் ஸ்பூன்கள் எல்லாம் இந்த அளவில் இருப்பதில்லை. மருந்தோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

மண்டபம் மைந்தன்

தேக்கரண்டி என்றால் தேக்கு மரத்தில் செய்த கரண்டி என்று பள்ளியில் படிக்கும் வரை நினைத்திருந்தேன். தேயிலை, தேநீர் என்பதில் வரும் 'தே' என்று பின்னால்தான் தெரிந்தது.

கீழக்கரையான்

செவிலி அக்கா, சங்கு என்றதும் எங்கள் வீட்டுப் பெட்டி நினைவுக்கு வந்தது. உம்மாவின் வாப்பா சங்கு குளித்தவர். மன்னார் வளைகுடாவில் மூச்சைப் பிடித்து இறங்கி மணலில் பாதி புதைந்திருக்கும் சங்கைத் தடவி எடுக்க வேண்டும். எடுத்ததில் பெரும்பகுதி வளையல் அறுப்பதற்கு வங்காளத்துக்குப் போய்விடும். ஒரு சிறிய சங்கு மட்டும் வீட்டில் தங்கியது. உம்மாவுக்கும் மாமாமாருக்கும் அதில்தான் பால் ஊற்றினார்களாம். நான் அதை அலங்காரப் பொருள் என்று நினைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். விளிம்பு தேய்ந்து கண்ணாடி போல இருக்கிறது. எத்தனை பிள்ளைகளின் உதடு பட்டதோ.

ஏர்வாடி வாத்தியார்

பட்டினத்தார் பெயரில் வழங்கும் ஒரு பாட்டில் மனிதனுக்கு மூன்று சங்கு. முதல் சங்கு பாலூட்டும், நடுச்சங்கு கல்யாணத்தில் வரும், கடைச்சங்கு போகும்போது ஊதும். நடுச்சங்கு நடக்கிற வீட்டில் முதல் சங்கைக் கண்டெடுத்திருக்கிறீர்கள். மூன்றாவதைப் பற்றிப் பெரியவாப்பாதான் முதல் நாளே பேசிவிட்டாரே.

மண்டபம் மைந்தன்

எங்கள் அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அங்கே அகப்பை இன்னும் உயிருள்ள சொல். அம்மாவும் "அந்த அகப்பையை எடு" என்றுதான் சொல்லுவார். இங்கே கடையில் அகப்பை கேட்டால் முழிக்கிறார்கள். முட்கரண்டியை நாங்கள் முள்ளுக்கரண்டி என்போம். பாம்பன் அண்ணனுக்குப் பிடிக்கும்.

ஆடிக்கூழுக்கு எங்களிடம் கரண்டியே கிடையாது. பலா இலையை மடித்து, ஈர்க்கால் குத்தி, கோலிக்கொண்டு உட்காருவோம். பெரிய அகப்பையால் அம்மம்மா ஊற்றுவார், இலையில் வாங்கிக் குடிப்போம். சூட்டில் இலை வாடி ஒரு மணம் வரும். அது கிண்ணத்தில் வராது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழில் நண்டும் இறாலும் போட்டால் நண்டுக்காலை வேறு வழியில்லாமல் கையால்தான் எடுக்க வேண்டும். குடித்த பிறகு இலையைத் தூக்கி எறிந்துவிட்டால் போதும். எண்ணூறு ஸ்பூன் கழுவும் வேலை இல்லை, காக்கா.

சாயல்குடி பனங்காடு

பனங்காட்டுக்காரர்களுக்கும் அப்படித்தான். பதனீருக்கு ஓலைப்பட்டை. நுங்குக்குக் கட்டைவிரல். நுங்கை ஸ்பூனால் தோண்டி எடுக்கும் ஒருவரைச் சென்னையில் பார்த்தேன். பாதி சதை ஓட்டிலேயே நின்றுவிட்டது. பார்க்கவே பொறுக்கவில்லை.

சிரட்டைக்கு எங்களிடம் வேறு உத்தியோகமும் உண்டு. காய்ச்சிய பதனீர் பாகாகிப் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி. அரை உருண்டை வடிவம் அதனால்தான். அகப்பையாகிக் கூழ் ஊற்றியதும் அச்சாகிக் கருப்பட்டி வார்த்ததும் ஒரே சிரட்டை.

ராமேஸ்வரம் ரதவீதி

கோயில் பக்கமிருந்து ஒரு சிறு சேர்க்கை. பஞ்சபாத்திரத்தோடு இருக்கும் சின்னக் கரண்டிக்குப் பெயர் உத்தரணி. தீர்த்தம் கொடுப்பது அதில்தான். ஆனால் வாங்குவது உள்ளங்கையைக் குழித்து. உத்தரணியை யாரும் வாயில் வைப்பதில்லை. தொண்டி அக்கா சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

ஏர்வாடி வாத்தியார்

ராமேஸ்வரத்தார் சொன்னதற்கு ஒரு துணைச் சாட்சி லண்டனில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் செய்த, தங்க முலாம் பூசிய வெள்ளிக் கரண்டி. 1649இல் அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு அரச சின்னங்களை உருக்கி விற்றபோது, இதை மட்டும் ஒருவர் விலைக்கு வாங்கி வைத்திருந்து, மன்னராட்சி திரும்பியதும் கொண்டுவந்து கொடுத்தார். 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோதும் அதுதான் வந்தது. அந்தக் கரண்டியின் குழி நடுவில் வரம்பு கட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தைலத்தை அதில் ஊற்றியபின் பேராயர் தம் விரல்களைத் தோய்த்து அரசருக்குப் பூசுகிறார். அத்தனை பெரிய வைபவத்திலும் கரண்டி ஏந்தி நிற்கத்தான் செய்தது. வேலையைச் செய்தது விரல்.

பெரியவாப்பாவிடம் இதையும் வாசியுங்கள்.

ஷார்ஜாவில் ஒரு பெரியபட்டினத்தான்

எல்லோரும் சேர்ந்து என்னை வெள்ளைக்காரனாக்கிவிட்டீர்கள். நானும் மூன்று விரலால் உண்பதும் உண்டபின் விரலைச் சுவைப்பதும் நபிவழி என்று ஓதி வளர்ந்தவன்தான். என் பேச்சு சுத்தம் பற்றியது மட்டும்.

எவர்சில்வரையும் குறை சொல்லாதீர்கள். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க ஒரு எஃகு தேடினார். குரோமியம் கலந்த கலவை ஒன்று அமிலத்தில் போட்டாலும் துருப்பிடிக்கவில்லை. துப்பாக்கிக்குத் தேடியது மேசைக் கத்திக்கும் ஸ்பூனுக்கும் வந்து சேர்ந்தது. நல்ல ஸ்பூனின் பின்புறம் 18/8 என்று பொறித்திருக்கும். 18 விழுக்காடு குரோமியம், 8 நிக்கல். அதற்கு ஈயமும் பூச வேண்டாம், புளியும் பயமில்லை. வெள்ளிக்கரண்டி பணக்காரன் வீட்டில் மட்டும் இருந்தது. இது எல்லா வீட்டுக்கும் வந்தது. ஒரு முடக்குவாத நோய்க்காரருக்கோ, பக்கவாதத்தில் விரல் மடங்காதவருக்கோ ஸ்பூன் இல்லாவிட்டால் அடுத்தவர் ஊட்ட வேண்டும். அதையும் யோசியுங்கள்.

தொண்டி மருமகள்

கடைசியில் சொன்னது நியாயம். என் மாமனார் பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டு வருடம் தடித்த காம்பு போட்ட ஸ்பூனால்தான் சாப்பிட்டார். யார் ஊட்டப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பாம்பன் பாய்மரம்

சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குக் கரண்டிவாயன் வரும், பார்த்திருக்கிறீர்களா? வெள்ளையாக, கொக்கைவிடப் பெரிய பறவை. அலகின் நுனி தட்டையான கரண்டி. சேற்றுத் தண்ணீரில் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு இடமும் வலமும் அலசிக்கொண்டே நடக்கும். மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். அதைத் துடுப்புவாயன் என்று சொல்கிறவர்களும் உண்டு. கரண்டி வாய்க்குள் போவதா வேண்டாமா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

விவாதத்துக்கு உதவாது என்று தெரியும். சும்மா சொன்னேன்.

கீழக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வீட்டில் முடிவாகிவிட்டது.

சஹனில் ஸ்பூன் இல்லை. அதற்குப் பதிலாகக் கை கழுவும் இடம் ஒன்றுக்கு மூன்றாக, சோப்போடு, ஆள் நிறுத்தி. இது மருமகனின் பொறுப்பு. இனிப்புக்கு வரும் வட்டலப்பத்துக்கு ஆளுக்கொரு சிறிய ஸ்பூன் உண்டு. பெரியவாப்பா அதற்கு ஒத்துக்கொண்டார், "அது சஹன் இல்லையே" என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தார். கேட்பவர்களுக்கு மட்டும் கொடுக்க ஐம்பது பெரிய ஸ்பூன் பரிமாறுகிறவர்களிடம் இருக்கும். யார் கேட்டாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. இது உம்மாவின் உத்தரவு.

இன்னொன்றும் நடந்தது. ஆணம் ஊற்றச் சிரட்டை அகப்பைதான் வேண்டும் என்று உம்மா பிடிவாதம் பிடிக்கிறார். கடைகளில் அலைந்தேன். கிடைத்ததெல்லாம் வார்னிஷ் அடித்து, காம்பைப் பசையால் ஒட்டிய அழகுப் பொருள். கொதிக்கும் ஆணத்தில் விட்டால் கழன்று மிதக்கும். நாமே செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். செய்யத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாயல்குடி பனங்காடு

முற்றிய தேங்காய் எடுங்கள். உடைத்ததில் கண் இருக்கும் பாதி உதவாது, ஒழுகும். கண் இல்லாத பாதிதான் அகப்பைக்கு. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, உடைந்த கண்ணாடித் துண்டால் மேல்நாரைச் சுரண்டுங்கள், பிறகு மணல் போட்டுத் தேயுங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளை. கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினால் சிரட்டை வெடிக்காது. மூங்கிலைச் சீவி ஒரு துளையில் விட்டு மறு துளையில் இறுக்கமாக வெளியே வரும்படி தட்டுங்கள். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். நனைந்தால் மூங்கில் ஊதித் தானே பிடித்துக்கொள்ளும். கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நாள் நிழலில் வையுங்கள்.

தொண்டி மருமகள்

முதல் தடவை வெறும் கஞ்சித் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். இல்லையென்றால் ஆணம் முழுக்கச் சிரட்டை வாடை அடிக்கும்.

கீழக்கரையான்

சிரட்டை பன்னிரண்டு எடுத்து வைத்துவிட்டேன். மருமகன் கண்ணாடித் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருக்கிறான், இதுவரை மூன்று உடைந்துவிட்டது. நல்ல முற்றிய மூங்கில் இராமநாதபுரத்தில் எங்கே கிடைக்கும்?

ராமேஸ்வரம் ரதவீதி

எங்கள் கொல்லையில் பந்தல் பிரித்த மூங்கில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், கொண்டு வந்து தருகிறேன். ஓர் அகப்பை எனக்கு.